சிமெண்ட் என்ன பாவம் செய்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக் கட்டுரையில், செயற்கை மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கச் சிமெண்ட் (எலும்புக்கென்றே உள்ள ஒட்டுப்பசை) வைப்பது பழைய காலத்து முறை, இப்போதைய இம்பிளான்ட்கள், அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டுகள், எலும்போடு தாமே ஒட்டிக்கொண்டு ஆயுசுக்கும் அசையாது என்று போகிறபோக்கில் ஒரு வரி. ஆயுசுக்கும்! யாருடைய ஆயுசு என்று சொல்லியிருக்கலாம்.

என் இடுப்பில் இருப்பது அந்தப் பழைய காலத்துச் சிமெண்ட்தான். அது பாட்டுக்கு இருக்கிறது. எழுபதைத் தாண்டிய என் அக்காவுக்குச் சிமெண்ட் இல்லாத புது வகை வைத்தார்கள். சில வாரங்களில் இம்பிளான்டைச் சுற்றித் தொடை எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. 'வயசானால் இப்படித்தான்' என்றார் டாக்டர். வயசு ஆபரேஷனுக்கு முன்பே தெரியாதா?

சிமெண்ட் இல்லாத வகையை எலும்புக்குள் இறுக்கி அடித்து இறக்க வேண்டும். அதன் சொரசொரப்பான பரப்பில் எலும்பு வளர்ந்து பிடிக்கும்வரை சுமார் 150 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு மாதிரி) மேல் ஆடினால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசுதான் வளரும். மெலிந்த எலும்பு அந்த அடியையும் தாங்க வேண்டும். ஸ்வீடனில் முழங்காலுக்கு 1975 முதலும் இடுப்புக்கு 1979 முதலும், வைத்த செயற்கை மூட்டுகள் பிறகு என்ன ஆயின என்று பதிவேடு வைத்திருக்கிறார்கள். வயதானவர்களின் இடுப்புக்குச் சிமெண்ட்தான் பாதுகாப்பு என்று ஸ்வீடன், நார்வே போன்ற நார்டிக் நாடுகளின் பதிவேடுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. முழங்காலில் இன்றும் பெரும்பாலும் சிமெண்ட்தான். தங்களுக்குத் தெரியாததா?

சிமெண்ட்டுக்கு இந்தக் கெட்ட பெயர் எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்கும். மூட்டைச் சுற்றி எலும்பு கரைந்தபோது 'சிமெண்ட் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். சிமெண்ட் இல்லாத மூட்டுகளிலும் எலும்பு கரைந்த பிறகுதான், தேய்ந்து உதிர்ந்த பிளாஸ்டிக் துகள்கள் முக்கியக் குற்றவாளி என்று புரிந்தது. பழி மட்டும் இன்னும் போகவில்லை. 1962-ல் சிமெண்ட்டோடு, இடுப்புக் குழிக்குப் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்த ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் சார்ன்லி, அதற்கு முன் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். சில ஆண்டுகளில் தேய்ந்து, மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. அதுவும் அன்றைக்குப் புதுசுதான்.

இது முதல் தடவையும் அல்ல. உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டைத் தாங்கள் முன்பு தலையில் வைத்துக் கொண்டாடினீர்கள். 2010-ல் டீப்யூ நிறுவனம் அந்த வகையைச் சேர்ந்த தன் ஏஎஸ்ஆர் மாடல் மூட்டுகளை உலகமெங்கும் திரும்பப் பெற்றபோது, இதழில் ஒரு மூலைச் செய்தியாவது வந்ததா? அப்போதும் எழுதினேன். இடப்பற்றாக்குறை போலும். ஓடுகிற தாத்தாவின் முழுப்பக்கப் படத்துக்கு மட்டும் இந்த முறை இடம் கிடைத்திருக்கிறது.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இம்பிளான்ட் பெட்டியில் தயாரிப்பாளர், மாடல், லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். வீட்டுக்குப் போகும்போது அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாசகர்களுக்கு ஒரு வரி போடுங்கள். அக்காவுக்கு உள்ளே இருப்பது எந்த மாடல் என்று கேட்டதற்கு, 'அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?' என்றார்கள்.

பதில் எதிர்பார்க்கவில்லை. முன்பு எழுதியதற்கும் வரவில்லை.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி