எந்த முகவரிக்கு அனுப்ப?

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதிக்கொண்டது. நேற்று பிள்ளையார் நோன்பு. நானும் உன் அப்பச்சியும் மட்டும்தான் மாவில் திரி வைத்து ஏற்றி இழை எடுத்துக்கொண்டோம். போனில் காட்டலாம் என்று உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும்.

சரி, பேரனுக்குப் பொம்மை பற்றித்தான் எழுத வந்தேன். தையில் 4 வயது ஆகிறது. போன மாதம் வீடியோவில் நடுவில் உள்ள இரண்டு விரலையும் மடக்கி வலை விட்டானே, அதனால் ஸ்பைடர்மேன்தான் என்று கல்லுக்கட்டிக் கடைத்தெருவுக்குப் போனேன். அரை அடியில் ஒன்று, ஒரு அடியில் ஒன்று இருந்தது. சின்னதுதான் அழகு. முட்டி, மணிக்கட்டு எல்லாம் மடங்குகிறது. ஆனால் கழற்றி மாட்ட உதிரிக் கைகள் வேறு, ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. இவன் இன்னும் எதையும் வாயில் வைத்துத்தானே பார்க்கிறான். நீ செய்த புளியங்கொட்டை வேலை மறந்திருக்காது.

சத்தம் போடுகிற ஒன்றும் இருந்தது. உள்ளே பட்டன் பேட்டரி. அது தொண்டையில் மாட்டினால் 2 மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். அந்தப் பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை. 2021-லிருந்து பொம்மைக்கு அது கட்டாயம். அப்படியே கீழே வைத்துவிட்டேன். பெரியதில் முத்திரை இருக்கிறது, தலையும் தோளும் இடுப்பும்தான் திரும்பும், பிய்த்தெடுக்க ஒன்றுமில்லை. நீ வாங்கினாலும் உதிரிக் கை உள்ளது வேண்டாம்.

கூரியரில் தாமே போட்டுவிடுவதாகச் சொல்லி, கடைக்காரர் முகவரி கேட்டார். எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. என்னிடம் இருப்பது அந்த வீட்டு முகவரிதான். கடைசி மூன்று தடவையும் நீ பேசும்போது உன் பின்னால் தெரிந்தது வேறு சுவர். வருடா வருடம் இழைமாவுக்கு அளவு கேட்கும் மருமகளும் இந்த வருடம் கேட்கவில்லை.

உன்னைப் போலப் பிள்ளையைத் தோளை விட்டு இறக்காத தகப்பனை நம் வளவுச் சொந்தத்தில் யாரும் பார்த்ததில்லை. அதை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

எப்படிச் சொல்வாய்? உனக்கு 6 வயதில், அந்த ஒரு வருடம். அப்பச்சி வீட்டு முகப்பில், நான் உள்ளே இரண்டாம் கட்டுப் பக்கம். "சாப்பாடு ஆச்சுன்னு சொல்லு", "பசிக்கலைன்னு சொல்லு". நீ என் மரப்பாச்சியின் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டி, சூப்பர்மேன் என்று பறக்கவிட்டபடி வளவு முற்றத்தைத் தாண்டி வந்து, எங்கள் பேச்சையெல்லாம் அதன் வாயால் சொல்வாய். பிள்ளை என்னமாய் விளையாடுகிறான் என்று நான் சிரித்தேன். அந்தச் சொல்லையெல்லாம் உன் வாயால் சொல்ல மாட்டாமல்தான் பொம்மையிடம் கொடுத்தாய் என்பது, நேற்று முன்தினம் கடையில் நிற்கும்போதுதான் உறைத்தது. நான் எழுந்து நடந்திருந்தால் முகப்பு இருபது அடி. நடக்கவில்லை. உன்னை நடக்கவிட்டேன். தப்பு என்னுடையது தம்பி.

பெரிய ஸ்பைடர்மேனை வாங்கிவிட்டேன். முகப்பில் இருக்கிறது. எந்த முகவரிக்கு என்று எழுது. இரண்டு வீடு என்றால் அதையும் எழுது, கடையில் இன்னொன்று இருக்கிறது, வாங்கிவிடுகிறேன். அவன் அங்கேயும் இங்கேயும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

ஆத்தா