துள்ளும் எழுத்து தலைப்பில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியை, தலைப்பு முதல் கதையின் கடைசி வரி வரை, கையால் வரைந்தது போன்ற ஒரே எழுத்துருவில் அச்சிட்டிருந்தீர்கள். தலைப்பில் அது துள்ளிக் குதித்தது. கதைக்குள் இறங்கியதும் கண்ணைச் சோதித்தது.

இவ்வகை எழுத்துருக்கள் பெரிய அளவில் பார்ப்பதற்கென்றே வரையப்படுபவை. கோட்டின் தடிமன் ஏறி இறங்குவதும், எழுத்து வரிசையை விட்டுச் சற்றே எம்பி நிற்பதும் சுவரொட்டியிலும் புத்தக அட்டையிலும் பிறந்தநாள் அழைப்பிதழிலும் அழகுதான். அதையே கதை வரிகளின் அளவுக்குச் சுருக்கும்போது, மெய்யெழுத்தின் புள்ளி கீழுள்ள கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு சுழி னகரமும் மூன்று சுழி ணகரமும் ஒன்றுபோலத் தெரிகின்றன. வந்திருப்பது ரகரமா துணைக்காலா என்பதை முழுச் சொல்லையும் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த ஊகம் கைவந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது இன்னும் வந்திருக்காது.

கையால் எழுதினால் ஒரே எழுத்து இருமுறை ஒரே மாதிரி விழாது. ‘பாப்பா’ என்ற சொல்லின் இரண்டு ‘பா’வும் அச்சுப் பிசகாமல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கையெழுத்து என்ற மயக்கம் அங்கேயே கலைந்துவிடும். ஓபன்டைப் என்ற கணினி எழுத்துரு வகையில் ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்களை வைத்து, அவை தாமாகவே மாறி மாறி வரும்படி செய்ய வழியுண்டு. தங்கள் கதையில் அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. நாலைந்து சொற்களே உள்ள தலைப்பில் இக்குறையை யாரும் கவனிக்கப் போவதில்லை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஒரு மென்பொருளில், நாய்ச் சித்திரம் ஒன்றின் பேச்சுக் குமிழிக்குள் டைம்ஸ் நியூ ரோமன் என்ற செய்தித்தாள் பாணி எழுத்து இருந்ததைக் கண்டு, அது பொருந்தவில்லையே என்று 1994இல் எழுத்துரு வடிவமைப்பாளர் வின்சென்ட் கொனேர் வரையத் தொடங்கியதுதான் காமிக் சான்ஸ் என்ற ஆங்கில எழுத்துரு. பின்னர் அது அலுவலக அறிவிப்பு வரை எல்லா இடத்திலும் புகுந்து, உலகமே கேலி செய்யும் எழுத்துருவானது. பாவம், குமிழிக்குள் இருந்தவரை அதன்மேல் யாருக்கும் கோபமில்லை.

ஆகவே தலைப்புக்கும் சித்திரங்களின் பேச்சுக்கும் அதே எழுத்துருவை வைத்துக்கொண்டு, கதையை மட்டும் சுழிகள் தெளிவாகத் திறந்திருக்கும் சாதாரண எழுத்துருவில், சற்றுப் பெரிதாக அச்சிட வேண்டுகிறேன். ஓவியரின் பெயரைப் போடும் இடத்தில் எழுத்துருவை வரைந்தவர் பெயரையும் சேர்த்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்