கடை நம்முடையது, இணையக் கணக்கு யார் பெயரில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு வணிகர்கள் இணையத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று உங்கள் வணிகப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வந்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. நான் ஈரோடு, பவானி பக்கம் சின்னக் கடைகளுக்கும் தறிக்காரர்களுக்கும் ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். வெப்சைட், விளம்பரம் என்று அவர்கள் கட்டுகிற பணத்துக்கெல்லாம் பில் என் மேஜைக்கு வந்துதான் போகும். அந்தப் பில்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடையின் இணைய முகவரி, கூகுள் மேப்பில் இருக்கும் பதிவு, பேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் எண் நான்கும் கடைக்காரர் பெயரில், கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். நான் பார்க்கிற பல கடைகளில் அப்படி இல்லை.

பவானியில் ஜமக்காளம் விற்கும் கடை ஒன்று. அப்பா காலத்துக் கடை, இப்போது மகன் பார்க்கிறார். போனில் பேசி நம்பிக்கை கொடுத்த ஒரு நிறுவனத்திடம் வெப்சைட் செய்யக் கொடுத்தார்கள். வந்த பில்லில் 'டொமைன், ஹோஸ்டிங், எஸ்இஓ - ஒரு வருடம்' என்று ஒரே வரி, ஒரே தொகை, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. டொமைன் என்றால் இணைய முகவரி, ஹோஸ்டிங் என்றால் வெப்சைட்டை இணையத்தில் வைத்திருக்கிற இடம், எஸ்இஓ என்றால் கூகுள் தேடலில் முன்னால் வரவைக்கிற வேலை. எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதவில்லை. அடுத்த வருடம் புதுப்பிக்கக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேட்டார்கள். அப்படியானால் வேறு ஆளிடம் மாற்றிக்கொள்கிறோம் என்று இவர்கள் சொன்னபோதுதான் விஷயமே தெரிந்தது. அந்த முகவரி நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. கடை போர்டில், பில் புத்தகத்தில், துணிப்பையில் எல்லாம் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்ட முகவரி அது. கடைசியில் வேறு பெயரில் புதிதாக ஒன்று வாங்கினார்கள். பழைய முகவரி போட்ட பைகள் இன்னும் கடையின் பின்கட்டில் மூட்டையாகக் கிடக்கின்றன. டாட் இன் முகவரி ஒன்றை வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் யார் வேண்டுமானாலும் தன் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளலாம் என்று முதல் நாளே அவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் இது நடந்தே இருக்காது.

ஜமக்காளத்தில் இந்த இழப்பு மற்ற சரக்கைவிடப் பெரியது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இலேயே புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரை அந்த ஊர்ச் சரக்குக்கே உரியதாக்கும் பதிவு, கிடைத்துவிட்டது. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகமும்கூட. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டிய சரக்கு இதே பெயரில் விலை குறைவாக விற்கிறது. இணையத்தில் தேடுகிறவருக்கு எது கைத்தறி, எது இல்லை என்று எப்படித் தெரியும்? தறிக்காரர் குடும்பம் நடத்துகிற கடையின் முகவரி செத்துப்போனால், தேடி வந்தவர் அடுத்து கண்ணில் படுகிற போலிச் சரக்கைத்தான் வாங்குவார். குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க நெய்கிறவருடைய கூலி அங்கேதான் போகிறது. எனக்கு இதில் வருகிற கோபம் அதனால்தான்.

கூகுள் மேப் கதையும் இதேதான். கடையில் வேலை பார்த்த பையன் ஒருவன் நல்ல எண்ணத்தில் தன் ஜிமெயிலில் கடையைப் பதிவு செய்து கொடுத்திருப்பான். பிறகு திருப்பூருக்கு வேலை மாறிப் போயிருப்பான். கடை நேரம் மாறினாலும் போன் நம்பர் மாறினாலும் திருத்த ஆள் இருக்காது. வெளியாட்கள் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதால், திறந்திருக்கிற கடை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று காட்டுவதும் உண்டு. அந்தப் பதிவில் முதன்மை உரிமையாளர் கடைக்காரர்தான் என்று இருக்க வேண்டும், உதவி செய்கிறவரை நிர்வாகியாகச் சேர்த்தால் போதும், வேண்டாதபோது நீக்கிவிடலாம். ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தால் உரிமை கேட்டு கூகுளிடமே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இதற்கெல்லாம் கட்டணமே கிடையாது. 'உங்கள் கூகுள் பதிவு காலாவதியாகப் போகிறது, இன்றைக்கே பணம் கட்டுங்கள்' என்று போன் வந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு (எம்எஸ்எம்இ) அரசு தருகிற உத்யம் பதிவும் இலவசம்தான், அதற்கும் இப்படிப் பணம் கறக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

போன் நம்பரிலும் கவனம் வேண்டும். கடையின் வாட்ஸ்அப், பேஸ்புக், மெயில் எல்லாவற்றுக்கும் ஓடிபி வருகிற சிம் யாருடையது என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் மூன்று மாதம் கிடந்தால் அந்த எண் துண்டிக்கப்பட்டு பிறகு வேறொருவருக்குப் போகலாம். கடைக்கென்று ஒரு சிம், அது முதலாளி பெயரில், வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டப் பாதுகாப்புக்கான ஆறு இலக்க பின் நம்பர் போட்டு. கடைச் சாவியை வெளியாள் சட்டைப்பையில் விட்டுவிட்டு நாம் இரவு தூங்கப் போவோமா?

நம் பெயரில் பதிவு செய்துவிட்டாலும் முழுதாக நம்பிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கூகுள் இலவசமாகக் கொடுத்த பிசினஸ் டாட் சைட் பக்கங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் போட்டவர்கள் எல்லாம் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது அதிலேயே வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு ஒரே இரவில் எல்லாம் போனது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் போல முடங்கின. அதனால்தான் வாடிக்கையாளர் பெயர், ஊர், எண், என்ன வாங்கினார் என்பதை ஒரு நோட்டிலோ எக்ஸெல்லிலோ தனியாக எழுதி வையுங்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

விளம்பரத்தில் இன்னொரு கோளாறு நடக்கிறது, இது கணக்கு பார்க்கிறவர்களுக்கு மட்டுமே தெரிகிறது என்று நினைக்கிறேன். சின்னக் கடைகள் பலவும் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற எளிய திட்டத்தில், இருக்கின்றன. அந்தத் திட்டத்தில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. விளம்பரம் செய்து கொடுக்கிறவர் இதைக் கேட்பதே இல்லை, இந்தியா முழுக்கத் தெரிகிற மாதிரி பேஸ்புக்கில் பணம் கட்டிப் போட்டுவிடுகிறார். பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கேட்டு மெசேஜ் வருகிறது, அனுப்ப வழியில்லை. விளம்பரத்துக்குக் கட்டிய 18 சதவீத வரியும் காம்போசிஷன்காரருக்குத் திரும்ப வராது. முதலில் உங்கள் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், சாதாரணத் திட்டத்துக்கு மாற வேண்டுமா, இல்லை தமிழ்நாட்டுக்குள் மட்டும் விளம்பரம் போதுமா என்று முடிவு செய்துகொண்டு பிறகு பணத்தை இறக்குங்கள்.

பணமே செலவில்லாமல் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதுதான் எனக்குப் புரியவில்லை. சுருட்டி வைத்த ஜமக்காளத்தை ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறார்கள். கீழே 'விலை?' என்று ஒருவர் கேட்டால் 'இன்பாக்ஸ் பண்ணுங்க' என்று பதில். கேட்டவர் அத்தோடு போய்விடுவார். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது நீளம் அகலம் எத்தனை அடி, சாயம் போகுமா, எடை எவ்வளவு, கூரியருக்கு எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் வரும். இவ்வளவையும் படத்துக்குக் கீழே தமிழில் எழுதிவிட்டால் பாதிக் கேள்வி குறையும். வாசலில் பகல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, கரையோரம் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம், தறியில் இருக்கும்போது ஒரு படம் போதும். 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸில் இப்படி விலையோடு கேட்டலாக், அதாவது பொருள் பட்டியல், போடும் வசதி இருக்கிறது, அதுவும் இலவசம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போகும். அந்தக் கட்டுப்பாடு நல்லது என்பதுதான் என் கருத்து. யாரோ விற்கிற எண் பட்டியலை வாங்கி, கேட்காத ஆட்களைக் குரூப்பில் இழுத்துப் போட்டுக் காலையும் மாலையும் அனுப்பினால் புகார் போய் கடை எண்ணையே வாட்ஸ்அப் முடக்கிவிடும். காசு கொடுத்து ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுத வைப்பதும் வேண்டாம், விற்பவரே வாங்கியவர்போல விமர்சனம் எழுதுவதை 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தடுக்கின்றன.

வாங்குகிறவர்களுக்கும் பயம் வந்துவிட்டது. பட்டாசை இணையத்தில் விற்க உச்ச நீதிமன்றம் 2018இலேயே தடை போட்டும், தீபாவளி வந்தால் சிவகாசி பெயரில் போலித் தளங்கள் முளைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகின்றன. ஏமாந்தவர்கள் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அழைக்கிறார்கள், ஆனால் அடுத்த முறை நேர்மையான சின்னக் கடையைப் பார்த்தாலும் சந்தேகம்தான் வருகிறது. அதனால் கடையின் முழு முகவரி, ஜிஎஸ்டி எண், பேசினால் எடுக்கிற போன் நம்பர், பொருள் சரியில்லை என்றால் திருப்பி எடுப்பீர்களா மாட்டீர்களா, இதெல்லாம் பக்கத்தில் தெளிவாக இருக்கட்டும்.

மாவட்டத் தொழில் மையத்துக்கும் வணிகர் சங்கங்களுக்கும் ஒரு கோரிக்கை. ரீல்ஸ் எடுப்பது, போஸ்டர் செய்வது என்று பயிற்சி நடத்துகிறீர்கள், நடத்துங்கள். ஆனால் முதல் மணி நேரத்தில் கணக்குகளை எப்படித் தன் பெயரில் வைத்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுங்கள். வெப்சைட் செய்கிறவரிடம் கையெழுத்து வாங்க ஒரு பக்கத்தில் தமிழ் ஒப்பந்த மாதிரி தயார் செய்யுங்கள்: டொமைன் கடைக்காரர் பெயரில், பாஸ்வேர்டு கடைக்காரரிடம், டொமைனுக்கு எவ்வளவு ஹோஸ்டிங்குக்கு எவ்வளவு என்று தனித்தனிக் கட்டணம், புதுப்பிக்கும் கட்டணம் இப்போதே எழுத்தில், விலகினால் எல்லாக் கோப்பையும் ஒப்படைப்பது. அந்த மாதிரியை உங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் கணக்குக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் படி எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வரிக் கணக்கர்,
ஈரோடு