எங்கள் பிள்ளைகளின் காதுக்கு எங்கள் தமிழும் வேண்டும்

கொழும்பிலுள்ள தமிழ்த் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தமிழில் ஓடிய ஜப்பானியக் கார்ட்டூன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த என் பேத்தி, திடீரென்று திரும்பி என்னைப் "பாட்டி" என்றாள். அதுவரை நான் அவளுக்கு அம்மம்மா. அதைக்கூட விட்டுவிட்டேன். அடுத்து அவள் கேட்டதுதான் மனத்தைவிட்டுப் போகவில்லை: "நீங்கள் கதைக்கிற மாதிரி டிவியில் ஏன் ஒருவரும் கதைப்பதில்லை?"

அவள் பார்ப்பவற்றுக்குப் பெரும்பாலும் சென்னையில்தான் குரல் கொடுக்கிறார்கள். அந்தக் கலைஞர்களில் பிழை இல்லை. தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக, உதட்டசைவுக்கு அளந்து சொல் பொறுக்கி உழைக்கிறார்கள். வருவதை அப்படியே ஒளிபரப்பிவிடும் நாம்தான் நம் பிள்ளைகளை மறந்துவிட்டோம்.

ஆங்கிலப் படத்தில் கணவனும் மனைவியும் ஒரே 'யூ'வில்தான் பேசிக்கொள்கிறார்கள். தமிழில் வசனம் எழுதுபவர் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று முடிவு செய்தாக வேண்டும். பல படங்களில் அவன் "நீ" என்கிறான், அவள் "நீங்கள்" என்கிறாள். மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வு அந்த வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. பார்க்கும் பிள்ளையோ அதை அந்த நாட்டு வழக்கம் என்றே நம்புகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இவ்விரண்டுக்கும் நடுவே "நீர்" இருக்கிறது. என் கணவர் கடைசிவரை என்னை அப்படித்தான் அழைத்தார். அதில் அதட்டலும் இல்லை, அந்நியமும் இல்லை. கடல்கடந்து வரும் படங்களின் எத்தனையோ கணவன் மனைவியருக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும் சொல் அது. நம் வீடுகளில் கிடக்கிறது, திரைக்கு வரவில்லை.

நம் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. அங்கே சிங்களத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தார். பக்ஸ் பன்னி என்ற அமெரிக்க முயல் "ஹா ஹா ஹரி ஹாவா" ஆகி, சிங்களப் பிள்ளைகளின் வீட்டு முயலாகவே வளர்ந்தது. ரூபவாஹினி இருக்கும் அதே சுதந்திர சதுக்கத்தில்தான் இலங்கை வானொலியும் இருக்கிறது. வானொலி நாடகத் தயாரிப்பாளர் சானா போன்றவர்கள் நம் பேச்சுத் தமிழிலேயே நாடகம் நடத்தி நாட்டையே கேட்கவைத்த வானொலி அது. முகமே தெரியாமல் குரலால் மட்டும் ஊர்த்தலைவரான ஒரு விதானையாரையும் ஒரு கிழவியையும் கண்முன் நிறுத்தத் தெரிந்தவர்களின் வழிவந்த நமக்கு, ஒரு முயலுக்குக் குரல் கொடுக்க ஆளில்லையா?

எந்த ஊர்த் தமிழ் என்று கேட்பீர்கள். எல்லா ஊர்த் தமிழும்தான். ஆமை மட்டக்களப்புத் தமிழில் கதைக்கட்டும், அணில் மலையகத் தமிழில் பேசட்டும், ஒரு குட்டி முயல் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை போலத் தன் தாயை "உம்மா" என்று கூப்பிடட்டும்.

செலவு எனக்கும் விளங்குகிறது. முழுநீளப் படம் வேண்டாம். வாரத்துக்கு அரை மணி நேரச் சிறுவர் தொடர் ஒன்றை இங்கேயே, நம் நடிகர்களைக் கொண்டு தமிழாக்குங்கள். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் நான். வசனப் பிரதியை வாசித்துத் திருத்த ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், சம்பளம் இல்லாமலே வருகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மம்மா