வரலாற்று மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. மாங்குளம், அரிட்டாபட்டி மலைகளுக்கு உறுப்பினர்கள் குடும்பத்தோடு போய் வந்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கல்லூரி மாணவர்களுக்கு நடத்திய பயிற்சியைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன்.

2023இல் கீழடி அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து, தொல்லியல் வேலைக்குப் போக வேண்டும் என்று நம்மைத் தேடி வரும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். எங்கே படிப்பது என்று சொல்வது எளிது. மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயப் படிப்பு இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் படிப்பு கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. 2020 அக்டோபரில் வந்த அதன் சேர்க்கை அறிவிப்பில், எம்.ஏ. தகுதியாக ஏற்கும் செம்மொழிகளின் வரிசையில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்க்கப்பட்டது. ஆகவே தமிழ் எம்.ஏ. படித்தவர்களும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலையில் கை கொடுக்கும் திறமைகள் என்ன என்று கேட்டால், செய்து காட்டித்தான் ஆக வேண்டும்.

ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, கண்மாய்க் கரையில் கிடக்கும், எழுத்து வெட்டிய மடைக்கல் ஒன்றில் மைப்படி எடுக்கப் பழக்கினோம்; கல்வெட்டு எழுத்தை மையால் தாளில் படியெடுப்பதுதான் மைப்படி. முதலில் மென்மையான பிரஷ்ஷால் மண்ணையும் பாசியையும் நீக்க வேண்டும். பிறகு ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் பதியும்படி பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். தாள் அரை ஈரமாக இருக்கும்போதே மையை ஒற்ற வேண்டும்; அவசரப்பட்டால் மை ஊறி எழுத்து மறைந்துவிடும். கருப்பில் வெள்ளையாக முதல் எழுத்து தெரிந்தபோது பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்வெட்டில் தடவக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டோம்.

அப்புறம் பதிவு. பானை ஓடு எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அதைக் கொண்டு காலம் பேச முடியாது. அளந்து வரைவதும் அன்றன்றே குறிப்பு எழுதுவதும்தான் இந்தத் தொழிலின் அடிப்படை என்பது என் உறுதியான கருத்து. டிரோனும் கணினி வரைபடமும் அதற்குப் பிறகு.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது; அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பேச்சு. திருப்பணி நடக்கும் கோயிலில் மணல் வீசிச் சுவரைச் சுத்தம் செய்தால் கல்வெட்டு தேய்ந்து போகும். இதைக் கமிட்டிக்காரர்கள் மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். இதற்கு நம் மூத்த உறுப்பினர்களே சரியான ஆசிரியர்கள். அடுத்த ஆண்டுப் பயிற்சியில் ஒரு நாளை அவர்களுக்கே ஒதுக்கவும், மைப்படித் தாள், மை வாங்கப் பணம் ஒதுக்கவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது.

பரிந்துரையையும் அறிக்கையையும் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்