விமானத்தில் கால் பங்கு

கார்டன் சிட்டி, கன்சாஸ், அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? விமானத்தில் பங்கு வாங்கப் போகிறேன் என்று போனில் சொன்னதும், "ஒரு பஸ்ஸை ஓட்டி வைக்கவே என்ன செலவு ஆகும் தெரியுமா?" என்று கேட்டீர்கள். டெப்போவில் அத்தனை வருஷம் எஞ்சினோடு கிடந்தவர் கேட்கும் கேள்வி. போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லாமே தூரம், அப்பா. எனக்கு வேலை கார்டன் சிட்டியில், உங்கள் மாப்பிள்ளைக்கு விச்சிட்டாவில். நடுவில் காரில் மூன்றரை மணி நேரம், காரைக்குடியிலிருந்து செங்கல்பட்டு வரை போவதுபோல. வழியில் டாட்ஜ் சிட்டி மாதிரி ஓரிரு ஊர் வரும். மற்றபடி கோதுமை, சோளம், மாட்டுப்பட்டி. ரயில் ஒன்று உண்டு, அது விச்சிட்டாவைத் தொடாமல் போகிறது. பயணிகள் விமானம் டாலஸுக்குப் போகிறது. அதில் விச்சிட்டா போக வேண்டுமென்றால் டெக்சாஸ் வரை இறங்கிப் போய் மறுபடி மேலே வர வேண்டும். வெள்ளிக்கிழமை கிளினிக்கில் கடைசிக் குழந்தையைப் பார்த்து அனுப்பிவிட்டு, பனிக்காலத்தில், இருட்டில், சாலையில் மான் குறுக்கே வருமோ என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவது எனக்கு அலுத்துவிட்டது. சின்ன விமானத்தில் நேர்கோட்டில் போனால் ஒன்றரை மணி நேரம்.

இந்த நாட்டில் இது நடக்கக் காரணம் விமானம் மட்டுமல்ல, இறங்க இடம் இருப்பதுதான். பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000 இருக்கின்றன. பெரிய கம்பெனிகளின் விமானங்கள் போவது அதில் 500 இடத்துக்குத்தான். மற்றவை எல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு. பல இடங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாது. நான் எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கமிருந்து இறங்குகிறேன் என்று எல்லோருக்கும் பொதுவான அலைவரிசையில் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். இரவில் ஓடுபாதை விளக்கு அணைந்திருக்கும். மேலே வந்து மைக் பட்டனைச் சில தடவை அழுத்தினால் விளக்குகள் எரியும். சில ஊர்களில் வந்தவர்கள் சாப்பிடப் போய்வர ஒரு பழைய கார்கூடச் சாவியோடு நிற்கும். இவ்வளவு நம்பிக்கை வைத்து நடத்தும் ஏற்பாட்டைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஊர் மேல் மரியாதை வருகிறது.

"ஐம்பது வருஷப் பழைய வண்டியா?" என்றும் கேட்டீர்கள். ஆமாம், நாங்கள் பார்த்திருப்பது 1976-இல் செய்த செஸ்னா 172. அதைச் செய்ததும் இதே விச்சிட்டாவில்தான். கம்பெனியை ஆரம்பித்த கிளைட் செஸ்னா கன்சாஸ் விவசாயி. 1911-இல் தானே விமானம் கட்டிப் பறந்தவர். 172 ரகம் 1956-இல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். வேறு எந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் வந்ததில்லை. ஆனால் 1986-இல் செஸ்னா சிறு விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. எப்போதோ விற்ற விமானம் விழுந்தாலும் கம்பெனி மேல் வழக்குப் போட்டுப் பெருந்தொகை கேட்டார்கள். 1994-இல் ஒரு சட்டம் வந்தது: 18 வருஷத்துக்கு மேல் பழைய சிறு விமானத்துக்காக, அதைச் செய்த கம்பெனி மேல் பொதுவாக வழக்குப் போட முடியாது. அதன் பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த இடைவெளியாலும், புது 172-இன் விலை இன்று நாலு லட்சம் டாலருக்கு மேல் இருப்பதாலும், சாதாரண ஆட்கள் கையில் இருப்பதெல்லாம் எழுபதுகளின் விமானங்கள். எங்களுடையதைப் போன்றது எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று போகிறது. நாலு பேர் சேர்ந்து வாங்குவதால் எனக்குக் கால் பங்கு.

வயதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை முழு ஆய்வு கட்டாயம். எஃப்.சி. காட்டுவதற்கு முன் நீங்கள் பஸ்ஸைப் பிரித்துப் போடுவீர்களே, அதைவிடக் கறாராக மூடிகளையெல்லாம் கழற்றிக் கேபிள், கப்பி, துரு எல்லாம் பார்த்து, அதற்கென்றே உரிமம் பெற்ற மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பறக்கக் கூடாது. எஞ்சினுக்குத் தனிப் பதிவேடு, உடலுக்குத் தனி.

எஞ்சின் உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். லைகாமிங் ஓ-320. நாலு சிலிண்டர், 5.2 லிட்டர், 150 குதிரைசக்தி. ரேடியேட்டர் இல்லை, காற்றே குளிர்விக்கிறது. கியர்பாக்ஸ் இல்லை, கிராங்க் ஷாஃப்ட் முனையிலேயே புரொப்பல்லர். சிலிண்டருக்கு இரண்டு பிளக், அவற்றுக்கு மின்பொறி தரத் தனித்தனியே இரண்டு மேக்னெட்டோ. பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் 1700 ஆர்.பி.எம்.மில் வைத்து ஒரு மேக்னெட்டோவை மாற்றி மற்றொன்றில் ஓட்டிப் பார்ப்போம். அதற்கும் முன்னால் டேங்கில் குச்சி விட்டு அளப்பது, அடியிலிருந்து சிறு குப்பியில் பெட்ரோல் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. இதைச் செய்யும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான்.

செலவு? மறைக்காமல் சொல்கிறேன். மணிக்கு முப்பது லிட்டருக்குக் கொஞ்சம் மேல் குடிக்கும். பெட்ரோல் ஒரு கேலன் ஐந்து, ஆறு டாலர். அதோடு நிறுத்துமிட வாடகை, காப்பீடு, ஆண்டு ஆய்வு. 2000 மணி நேரம் ஓடினால் எஞ்சினைப் பிரித்துக் கட்டச் சொல்கிறார்கள். அதற்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகும், அதனால் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் இப்போதே பணம் எடுத்து வைக்க வேண்டும். காரை விட மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருஷத்துக்கு நூறு மணி நேரமாவது பறக்காதவர் தனியாக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே மேல் என்று இங்கே அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். நான் அவ்வளவு பறக்க மாட்டேன். பங்கு என்றால் கணக்கு ஒத்துவருகிறது.

நாலு சீட் என்றாலும் டேங்கை நிரப்பிவிட்டால் நாலு பெரியவர்கள் ஏற முடியாது. மூன்று பேர், கொஞ்சம் பை. எடையைக் கூட்டிப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

அப்புறம் வானிலை. அப்பா, இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. வசந்த காலத்தில் இங்கே காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும்போது இந்த விமானத்தை இறக்குவது ஆபத்து. மே, ஜூனில் இடி, ஆலங்கட்டி. பனிக்காலத்தில் மேகத்துக்குள் போனால் இறக்கையில் ஐஸ் கட்டும், அதை உதறும் வசதி இதில் இல்லை. எனவே திங்கள் காலை கிளினிக்குக்கு இதை நம்பி இருக்க முடியாது. ஞாயிறே திரும்ப வேண்டும், வானம் சரியில்லை என்றால் காரில் வர வேண்டும். அமெரிக்காவில் சிறு விமானங்கள் ஒரு லட்சம் மணி நேரம் பறந்தால் உயிர் போகும் விபத்து ஏறத்தாழ ஒன்று நடக்கிறது. பெரிய விமானங்களோடு ஒப்பிடவே முடியாத அளவு அதிகம் இது. ஆனால் எஞ்சின் நின்றாலும் இது கல்லாக விழாது. ஆயிரம் அடி உயரத்தில் இருந்தால் இரண்டரை கிலோமீட்டர் மிதந்து போகும், கீழே எங்கு பார்த்தாலும் தட்டையான வயல். உயிர்களை அதிகம் வாங்குவது எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்ற பிடிவாதம். 1999-இல் அதிபர் கென்னடியின் மகன் மனைவியோடும் அவள் அக்காவோடும் கடலில் விழுந்தது இரவில், மூட்டத்தில், திசை தெரியாமல். கடிகாரத்துக்காகப் பறக்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

எனக்கு உறுத்தலாக இருந்தது வேறொன்று. விமானப் பெட்ரோலில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையை என்ன செய்யும் என்று தாய்மார்களுக்குச் சொல்வதே என் வேலை. 2030 முடிவதற்குள் அதை ஒழிக்க வேண்டும் என்று அரசு குறி வைத்திருக்கிறது. எனக்கு அதுவரை காத்திருக்க மனமில்லை. இந்த 150 குதிரைசக்தி எஞ்சின் 80 ஆக்டேன் என்ற தாழ்ந்த தரப் பெட்ரோலுக்கே செய்யப்பட்டது. எத்தனால் கலக்காத, ஈயமில்லாத கார் பெட்ரோலில் ஓட்ட அனுமதிப் பத்திரம் கிடைக்கும். கூட்டாளிகளிடம் அதை நிபந்தனையாக வைத்தேன், ஒத்துக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் வேண்டும் என்றால், மேலே போனால்தான் இந்த ஊர் எனக்குப் பிடிபட்டது. மைலுக்கு ஒரு சாலை, கட்டம் கட்டமாக நிலம், கட்டத்துக்குள் சுழன்று தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் வரைந்த பச்சை வட்டங்கள், ஊருக்கு ஊர் தானியம் சேமிக்கும் வெள்ளைக் கோபுரம். வந்த புதிதில் வெறும் வெட்டவெளியாகத் தெரிந்த இடம் இது. இப்போது எந்தக் கோபுரம் எந்த ஊர் என்று சொல்வேன்.

விமானத்தைப் பெயரில் பதிய நிரந்தரமாக வசிக்கும் அனுமதி வேண்டும், கிரீன் கார்டு வந்ததால் அதில் சிக்கலில்லை. எஞ்சின் பதிவேட்டைப் படமெடுத்துத் தனியே அனுப்புகிறேன். சிலிண்டருக்குள் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் சோதனையின் முடிவும் அதில் இருக்கிறது. மூன்று சிலிண்டரில் 75-க்கு மேல் நிற்கிறது, மூன்றாம் எண் சிலிண்டரில் மட்டும் 68. எக்ஸாஸ்ட் வால்வாக இருக்கும் என்கிறார் மெக்கானிக். உங்களுக்கு என்ன தோன்றுகிறது, வேறு எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் பதில் வந்த பிறகுதான் முன்பணம் கொடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் மகள்