கைப்பிடி எந்தப் பக்கம்?

அன்புள்ள சாந்தி,

மிளகு பறிப்பு முடிந்ததா? இங்கே செவ்வாய்ப்பேட்டையில் இப்போதே வெயில் பல்லைக் காட்டுகிறது.

அவருக்கு ஒருவழியாக மாற்றுத்திறனாளி சான்றிதழ் வந்துவிட்டது. 70 சதவீதம். கை காலுக்கு 60, பேச்சுக்கு 30. அப்படியானால் 90 ஆயிற்றே என்றேன். நேராகக் கூட்டக் கூடாதாம். அவர்கள் கணக்கில் உச்சம் எப்போதும் 90தானாம். அதில் 60 போக மிச்சம் 30. பேச்சின் 30 அந்த 90-இல் மூன்றில் ஒரு பங்கு என்பதால், மிச்சத்திலும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 தான் சேருமாம். வெள்ளிக்குச் சேதாரம் போடுகிற கணக்கே தேவலை! சரி, 40 தாண்டினால்தான் பெரும்பாலான சலுகைகள். அது போதும்.

பிசியோதெரபிக்கு வரும் தம்பியிடம் வேறொரு தாள் இருக்கிறது, அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்கிறார் என்று மதிப்பெண் போட, பார்தெல் அளவுகோல் என்று. மொத்தம் 100. தானே நடந்தால் 15, மாடி ஏறினால் 10, உடுத்திக்கொண்டால் 10, பாதிக்கு உதவி வேண்டுமென்றால் 5. விட்டால் இவர் தானே சட்டை போட்டுக்கொள்வார். வலக்கையை இடக்கையால் தூக்கி முதலில் நுழைத்து, தோள்வரை இழுத்து, அப்புறம் மறு கை, பொத்தான். அரை மணி நேரம் ஆகும். ஆட்டோ வாசலில் நின்றால் நானே மாட்டிவிடுவேன். அன்றைக்கு அவருக்கு 5, ஞாயிற்றுக்கிழமை 10. குறைந்த அந்த ஐந்தை யார் கணக்கில் எழுதுவது, சொல்.

போன வாரம் என் தம்பி பட்டறையிலிருந்து ஒரு கொலுசு கொண்டுவந்தான். இவர் காதோரம் வைத்து ஆட்டினார். கட்டைவிரலால் தடவிக்கொண்டே போய் ஒரு முத்தில் நிறுத்தி, நகத்தால் தட்டிக் காட்டினார். அது சரியாகப் பற்றவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்த தம்பிக்கே தெரியவில்லை! சோதித்துக் கொடுக்கிற வேலைக்குப் பாதி நாள் போகலாம். ஆனால் பட்டறையில் எல்லாரும் சம்மணமிட்டுத்தான் உட்காருகிறார்கள். ஒரு மேசை, நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறான். உடல் குறையும் சுற்றியிருக்கும் தடையும் சேர்ந்துதான் ஒருவரை முடக்குகிறது என்று 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறதாம். அளப்பது என்னவோ இவர் கையை மட்டும்தான். பட்டறைத் தரைக்கு யார் சதவீதம் போடுகிறார்கள்?

(என் முதுகுக்கும் யாரும் போடவில்லை. அதை விடு.)

சித்திரையில் ஏற்காடு வரலாமென்று இருக்கிறோம். 20 கொண்டை ஊசி வளைவுக்கு அவர் அசரமாட்டார், எனக்குத்தான் தலை சுற்றும். உன் வீட்டு வாசற்படிக்குக் கைப்பிடி எந்தப் பக்கம்? ஏறும்போது இடப்பக்கம் இருந்தால் யாரும் தொட வேண்டாம், தானே ஏறிவிடுவார். இறங்கும்போது நான் இடப்பக்கம் நின்று தோள் கொடுக்கிறேன். கைப்பிடியே இல்லையென்றால் அண்ணனிடம் சொல்லி ஒரு மூங்கிலாவது கட்டிவை.

உன்,
கோகிலா